கிரி-சோகோவும் அம்மாவோட மொய் நோட்டும்

2017 பிப்ரவரி முதல் வாரம். டோக்கியோவுல நான் வேலைக்குச் சேந்து ஏழெட்டு மாசம் ஆயிருந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் சாப்ட்டுட்டு வந்து உக்காந்தா என் கீபோர்டு மேல ஒரு பழுப்புக் கவர். உள்ள ஆயிரம் யென் நோட்டு பத்து. கவர் மேல பென்சில்ல ஆறு பேரு எழுதி, அஞ்சு பேருக்கு நேரா டிக் போட்டிருந்துச்சு. ஆறாவது என் பேரு, கத்தகானா எழுத்துல, டிக் இல்லாம. பக்கத்து சீட்ல இருந்தவங்க, என்னை விட இருபது வயசு பெரியவங்க, குரலைத் தாழ்த்தி "வாலன்டைன் காசு, ஆளுக்கு 2000" அப்படின்னாங்க. எதுக்குன்னு கேக்கத் தோணல. ரெண்டு நோட்டை உள்ள வெச்சு, டிக் போட்டு திருப்பிக் குடுத்துட்டேன். அவங்க கவரை எடுத்து டிராயர்ல வெச்சு, ஒரு தடவை நோட்டை எண்ணி, பென்சிலால பன்னெண்டாயிரம்னு எழுதினதை நான் பாத்துட்டே இருந்தேன். எங்க அம்மா காசு எண்ணி எழுதுற மாதிரியே இருந்துச்சு, அதனாலயோ என்னவோ இன்னிக்கு வரைக்கும் அது கண்ணுல நிக்குது.

14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. காலைல ஒன்பது மணிக்கு முன்னாடியே எங்க டீம்ல இருந்த ஆறு பொண்ணுங்களும் ஒண்ணா எழுந்து, பதினாலு ஆம்பளைங்க மேஜைக்கும் வரிசையாப் போனோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி, அதுல நாலு சாக்லேட், அதுக்கு ஒரு ரிப்பன், அதைப் போட்டுக் குடுக்க ஒரு சின்ன பேப்பர் பை. பன்னெண்டாயிரத்தைப் பதினாலால வகுத்தா ஒரு பெட்டி 850 யென் சொச்சம். ஒவ்வொருத்தரும் சீட்ல இருந்து பாதி எழுந்து தலை குனிஞ்சு நன்றி சொன்னாங்க, நாங்களும் குனிஞ்சோம், அடுத்த மேஜை. பத்து நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. யாரும் யாரு மூஞ்சியையும் சரியாப் பாக்கல. காதலர் தினம்னா பார்க், ரோஜா, அடிதடின்னு கேட்டு வளந்தவளுக்கு, பதினாலு பேருக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி சாக்லேட் குடுத்தது எதுலயும் ஒட்டல.

அதுக்கு அவங்க பாஷைல பேரு கிரி-சோகோ. கிரின்னா கடமைன்னு டிக்‌ஷனரி சொல்லும். ஆனா எனக்கு அதை விடப் பொருத்தமான சொல் எங்க வீட்டுலயே இருந்துச்சு. செய்முறை. ஒருத்தங்க நமக்குச் செஞ்சா நாம திருப்பிச் செய்யணும், செய்யலன்னா பேரு கெட்டுடும், பிடிக்குதா பிடிக்கலையாங்கிற பேச்சே அதுல கிடையாது. அதுதான் கிரி. மனசுல இருக்கிறவருக்குக் குடுக்கிறது ஹோன்மெய்-சோகோ, அதாவது நெசமான சாக்லேட். கடமைக்குக் குடுக்கிறது கிரி-சோகோ. ரெண்டுமே ஒரே நாள், ஒரே கடை.

நான் பேராவூரணிப் பக்கம். எங்க ஊர்ப் பக்கம் மொய்யைப் பத்தி யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. ஆடி மாசம் வந்துட்டா பந்தல் போட்டு, கிடாக்கறி ஆக்கி, பத்திரிகை அடிச்சுக் கூப்பிட்டு நடக்கிற மொய் விருந்து பாத்து வளந்தவங்க நாங்க. அம்மாகிட்ட ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கும். அதுக்கு முன்னாடி தாத்தாவோட நோட்டு, ஓரமெல்லாம் அரிச்சுப்போனது, அதையும் தூக்கிப் போட மாட்டாங்க. பேரு, ஊரு, தொகை. திருப்பிச் செஞ்சுட்டா அந்த வரியை அடிச்சுடுவாங்க, அதுக்குப் பேரு கழியறது. கழியாத வரி இருந்தா அம்மாவுக்குத் தூக்கம் வராது. அதனால ஜப்பான்ல அந்தக் கவரைப் பாத்ததும் எனக்கு முதல்ல வந்தது கோவம் இல்ல, ஒரு நெருக்கம். அட, இவங்களும் நம்மள மாதிரிதான்னு தோணுச்சு. இந்த எண்ணம் ஒரு வருஷம் முழுக்க எனக்குள்ள உறுதியா இருந்துச்சு, நாலஞ்சு பேருகிட்ட பெருமையாச் சொல்லியும் இருக்கேன். அது தப்புன்னு புரிஞ்சதைப் பத்தித்தான் இதை எழுதறேன்.

170 யென்

ரோம், பாதிரியார், கல்யாணத் தடை, தூக்குல போட்ட கதை எல்லாம் வருஷா வருஷம் வாட்ஸப்ல வருது, அதை விட்டுடறேன். பிப்ரவரி 14ஐ காதலோட முடிச்சு போட்டது 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கவிஞர் சாசர், பறவைங்க ஜோடி தேடுற நாள்னு எழுதினாரு. அப்புறம் 1840ல அங்க ஒரு பென்னி தபால் வந்து கார்டு அனுப்பறது சல்லிசாச்சு, 1860கள்ல காட்பரி இதய வடிவத்துல பெட்டி போட்டாங்க. அங்கெல்லாம் ஏற்கனவே கவிதை, கடுதாசின்னு ஒரு பழக்கம் இருந்துச்சு, கடைக்காரங்க பின்னாடி வந்தாங்க. ஜப்பான்ல அப்படி எதுவுமே இல்ல. இங்க முதல்ல வந்ததே கடைதான்.

கோபே துறைமுகத்துல ரஷ்யாவுல இருந்து தப்பிச்சு வந்த மொரோசாஃப்னு ஒரு குடும்பம் சாக்லேட் கடை வெச்சிருந்தாங்க. அந்தப் பேர்ல நடந்த கம்பெனி 1936 பிப்ரவரி 12ல ஒரு இங்கிலீஷ் பேப்பர்ல, உங்க வாலன்டைனுக்கு எங்க சாக்லேட் பெட்டி குடுங்கன்னு விளம்பரம் போட்டுச்சு. படிச்சது அங்க குடியிருந்த வெளிநாட்டுக்காரங்கதான். ரெண்டே வாரத்துல டோக்கியோவுல ராணுவக் கலகம், அப்புறம் போர், கொக்கோ இறக்குமதியே நின்னுபோச்சு. அந்த விளம்பரத்தை யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க.

அப்புறம் 1958. டோக்கியோ ஷிஞ்ஜுகுவுல இசெட்டான்னு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர், இன்னிக்கும் இருக்கு. அங்க மேரி சாக்லேட்னு ஒரு சின்ன கம்பெனி வாலன்டைன் சேல்னு ஒரு போர்டு வெச்சாங்க. பாரிஸ்ல இருந்த தெரிஞ்சவர் ஒருத்தர், இங்க பிப்ரவரி 14க்கு பூவும் கார்டும் சாக்லேட்டும் குடுத்துக்கறாங்கன்னு எழுதி அனுப்பினதுதான் காரணம். மூணு நாள் சேல். வித்தது 50 யென் சாக்லேட் மூணு, 20 யென் கார்டு ஒண்ணு. மொத்தம் 170 யென். இந்தக் கணக்கை அந்தக் கம்பெனியே சொல்லுது. அடுத்த வருஷம் இதய வடிவத்துல அச்சு வார்த்து, மேல பேரு செதுக்கிக் குடுக்கிறோம்னு சொல்லி, கூடவே ஒரு வரி போட்டாங்க: வருஷத்துக்கு ஒரு தடவை, பெண்கிட்ட இருந்து ஆணுக்குக் காதலைச் சொல்லுங்க.

அந்த ஒரு வரியை நான் பல தடவை யோசிச்சிருக்கேன். டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு வர்றவங்க பெரும்பாலும் பெண்கள், அதனால அவங்களைப் பாத்து எழுதின விளம்பரம், அவ்வளவுதான் அதோட கணக்கு. ஆனா 1959ல ஒரு பொண்ணு தானா போய் ஒரு பையன்கிட்ட பிடிச்சிருக்குன்னு சொல்றது சாதாரண விஷயம் இல்ல. அதுக்கு ஒரு கடை அனுமதி குடுத்துச்சு. அந்தக் காலத்துப் பொண்ணுங்கள்ல சில பேருக்காவது அது நெசமாவே ஒரு கதவைத் திறந்திருக்கும்னுதான் நான் நம்பறேன். 70கள்ல பள்ளிக்கூடம், காலேஜ் பொண்ணுங்க இதைக் கைல எடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் சூடு பிடிச்சுச்சு. அது வரைக்கும் கூட எனக்கு இதுல பெரிய வருத்தம் இல்ல. 80கள்ல இது ஆபீஸுக்குள்ள வந்துச்சு. காதலைச் சொல்லக் குடுத்த அனுமதி, மேனேஜருக்கு மரியாதை செய்யற கட்டாயமா மாறினது அங்கதான்.

மார்ச் மாச பாக்கி

வாங்கினா திருப்பிச் செய்யணுமே, அதுக்கும் ஒரு நாள் வேணும் இல்லையா. ஃபுகுவோகாவுல இஷிமுரா மன்செய்தோன்னு ஒரு பழைய மிட்டாய்க் கடை, மார்ஷ்மெல்லோவுக்குள்ள இனிப்பு விழுது வெச்சு செய்யற பலகாரத்துக்குப் பேர் போனது. அதோட முதலாளி 1977ல ஒரு பெண்கள் பத்திரிகையைப் புரட்டும்போது, சாக்லேட் வாங்கிக்கிட்டு ஆம்பளைங்க ஒண்ணுமே திருப்பித் தர்றதில்ல, ஒரு மார்ஷ்மெல்லோவாவது தரக்கூடாதான்னு ஒரு வாசகி எழுதியிருந்ததைப் பாத்தாராம். 1978 மார்ச் 14, மார்ஷ்மெல்லோ தினம் பிறந்துச்சு. நீ குடுத்த சாக்லேட்டை என் மார்ஷ்மெல்லோவுல சுத்தித் திருப்பித் தர்றேன்னு ஒரு வாசகம், அதுக்கேத்த மாதிரி நடுவுல சாக்லேட் வெச்ச மார்ஷ்மெல்லோ. தேதி மார்ச் 14ன்னு வந்ததுக்கு, அந்த ஊர் டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு மார்ச் நடுவுல வியாபாரம் மந்தமா இருந்ததும் ஒரு காரணம். மிட்டாய் செய்யறவங்க சங்கம் இதை வொய்ட் டேன்னு பேர் வெச்சு 1980ல நாடு முழுக்கக் கொண்டுபோனாங்க. வாங்கினதுக்கு மூணு மடங்கு திருப்பித் தரணும்னு ஒரு பேச்சும் கூடவே வளந்துச்சு. இன்னொண்ணு, இப்போ குக்கி குடுத்தா ஃப்ரெண்டு, மிட்டாய் குடுத்தா பிடிச்சிருக்கு, மார்ஷ்மெல்லோ குடுத்தா பிடிக்கலன்னு அர்த்தம்னு பசங்க சொல்லிக்கறாங்க. எந்த மார்ஷ்மெல்லோவுக்காக அந்த நாளே வந்துச்சோ அதையே யாரும் குடுக்கத் தயங்கறாங்க. அந்த மிட்டாய்க் கடைக்காரரை நெனச்சா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

2017 மார்ச் 14ல எனக்கும் திருப்பி வந்துச்சு. எங்க மேனேஜர் ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு கைக்குட்டை குடுத்தாரு. என்னோடது வெளிர் நீலம், மூலைல சின்னதா ஒரு பூ, நூல்ல போட்டது, தடவிப் பாத்தா விரல்ல தட்டும். கூட ஒரு சின்ன கார்டு, ரொம்ப அழகான கையெழுத்துல என் பேரு. ரிட்டையர்மென்ட்டை நெருங்கற மனுஷர், ஒவ்வொருத்தருக்கும் வேற வேற கலர் பாத்து எடுத்திருக்காரேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். "பரவால்லயே, செய்முறை தெரிஞ்ச மனுஷரு"ன்னு அம்மா சொன்னாங்க.

பிப்ரவரி 1, 2018

அன்னிக்கு வியாழக்கிழமை. மத்தியானம் சாப்பாட்டு ரூம்ல ஆறு பேரும் உக்காந்திருந்தோம். பக்கத்து சீட்டுக்காரங்கதான், கவர் வெச்சிருக்கிறவங்க, அன்னிக்கு நிக்கேய் பேப்பரை மடிச்சு எடுத்துட்டு வந்தாங்க. ஒரு முழுப் பக்க விளம்பரம். ஜப்பானே, கிரி-சோகோவை நிறுத்திடுவோம்னு தலைப்பு. போட்டிருந்தது கோடைவா, சாக்லேட் விக்கிற கம்பெனி. வாலன்டைன்ஸ் டே பிடிக்கலன்னு சொல்ற பெண்கள் இருக்காங்க, அந்த நாள் லீவு நாளா வந்தா மனசுக்குள்ள நிம்மதியாகற பெண்கள் இருக்காங்கன்னு அது ஆரம்பிக்கும். கடைசில, ஆம்பளைங்களே, முக்கியமா கம்பெனில தலைமைல இருக்கிறவங்களே, கிரி-சோகோவுக்காகச் சிரமப்படாதீங்கன்னு நீங்களே ஒரு வார்த்தை முதல்ல சொல்லிடுங்கன்னு கேட்டிருந்தாங்க. அவங்க அதை மெதுவா, எனக்குப் புரியணும்னு, நிறுத்தி நிறுத்தி வாசிச்சாங்க. வாசிச்சு முடிச்சதும் யாரும் பேசல. மைக்ரோவேவ் சுத்தற சத்தம் மட்டும்.

அந்த அமைதி எனக்குத் தாங்கல. நான் வாயைத் திறந்து, எனக்கு இதுல தப்பு ஒண்ணும் தெரியல, எங்க ஊர்லயும் இப்படித்தான், நோட்டே போட்டு எழுதி வெப்போம், குடுத்ததைத் திருப்பிக் குடுப்போம்னு மொய் கதையை என் அரைகுறை ஜப்பானிய பாஷைல சொன்னேன். எல்லாரும் ஆர்வமாக் கேட்டாங்க. பக்கத்து சீட்டுக்காரங்க மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"அந்தக் காசு யாருக்குப் போகும்?"

"கல்யாண வீட்டுக்கு."

"அப்போ அது வேற. இது கடைக்குல்ல போகுது."

அப்புறம் அவங்க நீகாதால இருக்கிற அவங்க மாமியார் வீட்டைப் பத்திச் சொன்னாங்க. பனி கூரை வரைக்கும் ஏறுற ஊரு. அங்கயும் நோட்டு இருக்காம். ஜப்பான்ல சாவு வீட்டுக்குப் போனா கவர்ல காசு வெச்சுக் குடுக்கணும், கோடென்னு பேரு. வாசல்ல மேஜை போட்டு வாங்கி, யாரு எவ்வளவுன்னு எழுதி வெப்பாங்க. அந்த வீட்டுக்காரங்க பின்னாடி ஏறக்குறைய பாதி மதிப்புக்கு டீத்தூளோ துண்டோ திருப்பி அனுப்புவாங்க. மிச்சப் பாதி செலவுக்கு ஆகும். நாளைக்கு அவங்க வீட்ல சாவு விழுந்தா நோட்டைப் பாத்துட்டுப் போய் அதே அளவு குடுக்கணும். கல்யாணத்துக்குப் புது நோட்டு வெக்கணும், சாவுக்குப் பழைய நோட்டுதான் வெக்கணும், புது நோட்டு வெச்சா எப்போ சாவாங்கன்னு காத்திருந்து எடுத்து வெச்ச மாதிரி ஆயிடும். மாமனார் செத்தப்ப அந்த நோட்டுல நூத்துக்கு மேல பேரு வந்துச்சு, பனிக்காலம், அந்தக் காசு இல்லன்னா எங்களால சமாளிச்சிருக்க முடியாதுன்னு சொன்னாங்க. "கிரின்னா அதுதான். இதுக்கு அந்தப் பேரை எடுத்து ஒட்டி வெச்சிருக்காங்க."

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு வருஷமா நான் நெனச்சிட்டிருந்தது அங்கேயே உடைஞ்சுபோச்சு. மொய்ல காசு ஊருக்குள்ளயே சுத்தும். இன்னிக்கு எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தது, நாளைக்கு உங்க வீட்டு போர்வெல்லுக்குப் போகும். எழுதறதும் வெளிப்படையா, எல்லார் முன்னாடியும், மைக்ல பேர் சொல்லி. மொய்யால கடன்பட்டு நொந்தவங்க எங்க ஊர்ல இருக்காங்க, அதை நான் மறைக்கல, ஆனா அந்தக் காசு ஒரு மனுஷன் கைல போய் சேந்துச்சு. கிரி-சோகோவுல பிப்ரவரில ஒரு தடவை கடைக்குப் போகுது, மார்ச்ல ஒரு தடவை கடைக்குப் போகுது. குடுத்தவங்க கைலயும் இல்ல, வாங்கினவங்க கைலயும் இல்ல, நாலு சாக்லேட்டும் ஒரு கைக்குட்டையும்தான் மிச்சம். எல்லாரும் காதலர் தினம் காதலை வியாபாரம் ஆக்கிடுச்சுன்னு பேசறோம். இங்க அவங்க காதலை வெச்சு இவ்வளவு பெரிய வியாபாரம் பண்ணியிருக்கவே முடியாது. ஒருத்தருக்கு ஒரு காதலர்தானே இருப்பாங்க, ஒரு பெட்டிதானே விக்கும். செய்முறைக்கு கட்டுப்படற குணம் இருக்கே, அதுல கை வெச்சதாலதான் பதினாலு பெட்டி வித்துச்சு.

அப்புறம் அவங்க சொன்னாங்க, பதினோரு வருஷமா இந்த ஆபீஸ்ல கவர் தூக்கறேன், எப்பவோ நிறுத்தணும்னு ஆசை, உங்களுக்கெல்லாம் இது பிடிக்கும்னு நெனச்சுட்டு இருந்துட்டேன்னு. அவங்க ஏஜென்சி மூலமா வந்தவங்க, போனஸ் கிடையாது, சம்பளம் எங்களை விடக் குறைவு, ஆனா 2000 மட்டும் எல்லாருக்கும் சமம். எதிர்ல இருந்த பொண்ணு உடனே, நான் உங்களுக்காகத்தான் குடுத்தேன்னு சொன்னா. இன்னொருத்தி, நானும்னு சொன்னா. ஆறு பேரும் அதே கதை. அவங்க டிராயர்ல இருந்து அந்த வருஷக் கவரைக் கொண்டுவந்தாங்க, மூணு பேரு ஏற்கனவே டிக் போட்டிருந்தாங்க. நோட்டை எடுத்து அவங்கவங்க முன்னாடி வெச்சாங்க. ரப்பரால டிக்கை அழிச்சாங்க, பேரையும் அழிச்சாங்க, துகளைக் கையால கூட்டி குப்பைல போட்டாங்க.

மேனேஜர்கிட்ட சொல்லணுமே, அவங்களும் நானும் போனோம். அவரு கேட்டுட்டு, ரொம்ப நேரம் எங்களைப் பாத்துட்டு, நிம்மதியா மூச்சு விட்டாரு. "என் மனைவிதான் ரொம்ப சந்தோஷப்படுவாங்க, வருஷா வருஷம் மார்ச்ல கூட்டத்துல நின்னு ஆறு கைக்குட்டை செலக்ட் பண்றது அவங்கதான்"னாரு. அந்தக் கார்டுல இருந்த கையெழுத்து எனக்கு அப்பதான் புரிஞ்சுச்சு. பிப்ரவரில ஆபீஸ் பொண்ணுங்க அலையறோம், மார்ச்ல வீட்டம்மா அலையறாங்க, நடுவுல ஆம்பளைங்க வாங்கற கையாவும் குடுக்கற கையாவும் மட்டும் இருக்காங்க. என் பேரை அவ்வளவு அழகா எழுதின அந்தம்மாவை நான் பாத்ததே இல்ல.

அந்த விளம்பரத்தால கோடைவாவுக்குப் பெரிய நஷ்டம் ஒண்ணும் வந்திருக்காது, அவங்க பெட்டி விலைக்கு அது ஆபீஸ்ல அள்ளிக் குடுக்கற சாக்லேட்டே இல்ல. பிளாக் தண்டர்னு அப்போ 30 யென் சொச்சத்துக்கு வித்த சாக்லேட், பாத்தவுடனே கிரின்னு தெரியற சாக்லேட்னு சொல்லியே வித்தவங்க, உடனே ட்விட்டர்ல அவங்க அவங்கதான், நாங்க நாங்கதான்னு பதில் போட்டாங்க. இப்போ டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல பிப்ரவரில நிக்கிற கூட்டத்துல நிறைய பேரு, தனக்குத்தானே வாங்கிக்கற பெண்கள்தான், அதுக்கும் ஒரு பேரு வெச்சாச்சு. வியாபாரம் நிக்கல, வேற பக்கம் திரும்பிச்சு. என்னை உறுத்தறது வேற. 1959ல பெண்களே காதலைச் சொல்லுங்கன்னு அனுமதி குடுத்தது ஒரு சாக்லேட் விளம்பரம். 2018ல போதும் நிறுத்துங்கன்னு அனுமதி குடுத்ததும் ஒரு சாக்லேட் விளம்பரம். நடுவுல எத்தனையோ ஆபீஸ்ல எத்தனையோ பொண்ணுங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்து, உனக்குப் பிடிச்சிருக்கான்னு கேக்காமயே இருந்திருக்கோம். நானும் கேக்கல.

2019ல என் தம்பி கல்யாணம், ஊர்ல. லீவு எழுதிக் குடுத்த அன்னிக்கு சாயங்காலம் பக்கத்து சீட்டுக்காரங்க என்னை லிஃப்ட் பக்கம் கூப்பிட்டு ஒரு கவர் குடுத்தாங்க. கெட்டி வெள்ளைக் காகிதம், மேல சிவப்பும் வெள்ளையுமா முறுக்கின கயிறு, அவிழ்க்க முடியாத முடிச்சு, ஒரே தடவை நடக்கணும்னு கல்யாணத்துக்குப் போடற முடிச்சாம் அது. உள்ள மடிப்பே விழாத ஒரு பத்தாயிரம் யென் நோட்டு, அப்போதைக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ரூபா. நோட்டு எண்ணிக்கை ரெட்டைப்படையா இருந்தா பிரியும்னு ஜப்பான்ல ஒத்தைப்படைலதான் வெப்பாங்க, நாம நூத்தியொண்ணு ஐநூத்தியொண்ணுன்னு ஒத்த ரூபா சேக்கற மாதிரி. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஏன்னா அந்த ஏஜென்சி சம்பளம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்.

கல்யாணத்தன்னிக்கு அம்மா மொய் எழுதற சித்தப்பாகிட்ட அந்தக் கவரைக் குடுக்கல. தானே நோட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு, என்கிட்ட அவங்க பேரை மூணு தடவை சொல்லச் சொல்லி, தமிழ்ல எழுத்துக் கூட்டி எழுதினாங்க. ஊரு கட்டத்துல நீகாதா, ஜப்பான்னு போட்டாங்க. தொகையை ரூபால போடவா யென்ல போடவான்னு யோசிச்சு, குடுத்தபடியே இருக்கட்டும்னு யென்லயே போட்டாங்க.

அந்த வரி இன்னும் கழியல. அவங்களுக்கு ஒரே பொண்ணு, இன்னும் கல்யாணம் ஆகல. அம்மா ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம் சாப்ட்டியா, குளிருதான்னு கேட்டுட்டு, வைக்கப் போற நேரத்துல கேப்பாங்க: "அந்தம்மா வீட்ல விசேஷம் எதுவும் வருதாடி?"